மழை நாளில் நூதனசாலைக்குப் போனோம்

மட்டக்களப்பிலிருந்து பத்துப் பெண்களுடன் கைப்பணிப் பொருட்களை விற்பதற்காகக் கொழும்புக்குச் சென்றிருந்தேன். விடியற்காலையிலிருந்தே அடைமழை. திறந்தவெளியில் நடக்கவிருந்த சந்தை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு பஸ் இரவுதான். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே இருக்கும் தேசிய நூதனசாலைக்கு எல்லோரையும் அழைத்துச் சென்றேன்.

1877 இல் ஆளுநர் கிரகரியின் காலத்தில் திறக்கப்பட்ட பெரிய வெள்ளைக் கட்டடம் அது. "எங்கள உள்ளுக்கு விடுவாங்களா மிஸ்?" என்பதுதான் முதல் கேள்வி. வாசலில் காவலாளியைக் கண்டதும் இரண்டு பேர் அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பழக்கம் நம் பெண்களை இன்னும் விட்டுப் போகவில்லை. அங்கே தேவைப்பட்டது அனுமதிச்சீட்டு மாத்திரமே.

தாரா தேவியின் சிலையைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் நெருங்கி வந்தார்கள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்தது என்று பதிவுள்ள சிலை. முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக் 1830 இல் அதை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்துவிட்டார். கொழும்பில் இருப்பது பிரதிதான். "நம்மட பக்கத்துப் பொம்புள அங்கயா இருக்கா?" என்றார் ஒருவர்.

நாங்கள் அதிக நேரம் நின்றது பொலன்னறுவை வெண்கலச் சிலைகளுக்கு முன்னால். சோழர் காலத்திலும் அதற்குப் பின்னரும் எழுந்த சிவன் கோயில்களைச் சேர்ந்தவை. தொல்பொருள் ஆணையாளர் பெல் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழ்வுகளில் பல சிலைகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. இதைச் சொன்னதும் வாகரையைச் சேர்ந்த அக்கா ஒருவர் இடைமறித்தார்.

"ஓடுறத்துக்கு முன்னுக்கு ஆரோ தாட்டுப் போட்டிருப்பாங்க மிஸ். என்ட தையல் மெசின் தலையயும் 2006 கடைசில இப்பிடித்தான் தாட்டுப் போட்டு வந்த நான். அடுத்த வருசம் போய்த் தோண்டினா ஒரே துரு. இது எப்பிடிப் பழுதாகாமக் கிடந்திச்சு?"

இரும்பைப் போல வெண்கலம் துருப்பிடித்து உதிர்வதில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம் அது. மேலே பச்சை படியுமே தவிர உள்ளே உறுதியாக இருக்கும். நான் இதை விளக்கிக்கொண்டிருக்கையில் மற்றவர்கள் தாங்கள் தாட்டவற்றைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். குத்துவிளக்கு, தாலிக்கொடி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்த பிஸ்கட் ரின். திரும்பிப் போனபோது சிலருக்குக் காணியே அடையாளம் தெரியவில்லையாம். எத்தனையோ கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள் அன்று பேசினார்கள். உளவளத்துணைக்கென்று நாம் போடும் கதிரை வட்டங்களில் இதில் பாதிகூட வருவதில்லை.

காரைக்கால் அம்மையாரின் சிலையும் பொலன்னறுவையிலிருந்து வந்ததுதான். எலும்பும் தோலுமாக அமர்ந்து கையில் தாளம் வைத்திருக்கிறார். கணவன் விட்டுச் சென்றபின் அழகு வேண்டாமென்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவம் பெற்ற கதையைச் சொன்னேன். இளையவள் ஒருத்தி அந்த உடம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத மகள்," என்றார் எங்களில் மூத்தவர். "முகத்தப் பாரு. கவலையா இருக்கா? நம்மள மூலைக்குள்ள இருக்கச் சொல்லுறாங்க. இவ தாளம் போடுறா."

அதன்பின் பத்துப் பேரும் ஒருவர் மாறி ஒருவராகக் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்கள்.