ஏற்காட்டுக்கு ஒரு ஐரிஷ் ரயில்: கைக்கு வரும்போது விலை என்ன?

ஏற்காட்டுக்கு ரயில் ஏறாது, சேலம் ஜங்ஷனோட சரி. ஆனா ஏற்காட்டு வீட்டு மேசையில ஐரிஷ் மாடல் ரயில் ஓட்டலாம். இன்ஜின் ரூ.20,000, ஷிப்பிங் ரூ.3,000ன்னு வெச்சுக்குங்க. சுங்க வரி ரெண்டும் சேர்ந்த ரூ.23,000க்கு! 20%ன்னா ரூ.27,600. அந்தத் தொகை மேல 18% ஐஜிஎஸ்டி, ஆக ரூ.32,568. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆர்டருக்கு முன்னாடி செக் பண்ணிடுங்க. கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5%ன்னா இன்னொரு ரூ.805, அதுக்கும் ஜிஎஸ்டி.

தண்டவாளத்துல மிச்சம் பிடிக்கலாம். அயர்லாந்தோட நிஜப் பாதை 1,600 மி.மீ. அகலம். ஆனா ஓஓ மாடல் ஓடறது 16.5 மி.மீ. தண்டவாளத்துல, ஹெச்ஓ தண்டவாளமும் அதே அகலம்தான். கையில இருந்தா புதுசு வாங்காதீங்க.

இஎம்ஐ வேண்டாம். மாசம் ரூ.2,800, ஒரு வருஷ ஆர்டி போதும்.