உங்களுக்குத் தெரியுமா? திமிங்கலத்துக்கு வழிவிட 15 கடல் மைல்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு மூட்டை ஏற்றிய லாரியும் அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். அதனால் மலை வியாபாரம் நின்றுவிடவில்லை. கடலிலும் அப்படி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அங்கே குறுக்கே வருபவை திமிங்கலங்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதற்கு 2008 முதல் சட்டமே உண்டு. ரைட் என்ற இனத் திமிங்கலங்கள் கூடும் பருவத்தில், குறித்த பகுதிகளில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் மணிக்கு 10 கடல் மைலைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சுமார் 18.5 கி.மீ. 35 அடிப் படகுகளையும் சேர்க்க 2022-ல் ஒரு திட்டம் வந்தது. தொழில் கெடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2025 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். அந்தத் திமிங்கலங்களில் மிஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு.

ஏன் 10? மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் பெரிய கப்பல் மோதினால் திமிங்கலம் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். வேகம் 8.6-ஆகக் குறைந்தால் அது 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். 2007-ல் வெளியான ஆய்வின் கணக்கு இது.

இவ்வளவு பெரிய உயிர் விலகிப் போகாதா? கப்பலின் இரைச்சல் பின்பக்கத்து விசிறியிலிருந்து வருகிறது. முன்னால் இருக்கும் திமிங்கலத்துக்கு அதைக் கப்பலின் உடலே மறைத்துவிடும். கேட்டாலும் நீலத் திமிங்கலம் மெதுவாகத்தான் மூழ்கும்.

நமக்கு மிக அருகில் இந்தச் சிக்கல் இருக்கும் இடம் இலங்கையின் தென்கோடி, தேவேந்திரமுனை. கண்டத்திட்டு அங்கே குறுகலானது. ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. மற்ற கடல்களின் நீலத் திமிங்கலங்கள் பலவும் இரை தேடிக் குளிர்ந்த கடல்களுக்குப் போகும்போது, இங்குள்ளவை ஆண்டு முழுவதும் இந்த வெதுவெதுப்பான கடலிலேயே காணப்படுகின்றன. மற்றவற்றைப் போலக் கிரில் என்ற சிற்றுயிரை நம்பியிராமல் சிறு இறால் வகையைத் தின்று வாழ்கின்றன. இவற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். அதே நீரில்தான் சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் கப்பல்களின் தடமும் கிடக்கிறது. உலகின் நெரிசலான தடங்களில் ஒன்று.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பல் ஒன்றின் முகப்பில் நீலத் திமிங்கலத்தின் உடல் மடிந்து தொங்கியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிபட்டு ஆழத்தில் போனவற்றுக்குக் கணக்கில்லை.

இங்கே வேகத்தைக் குறைப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தடத்தை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. நெடும்பயணத்தில் கூடும் தூரம் சொற்பம். 2022-ல் எம்.எஸ்.சி. என்ற மாபெரும் கப்பல் நிறுவனம், யாரும் கட்டாயப்படுத்தாமலேயே தன் கப்பல்களை அப்படித் திருப்பியது. இலங்கைத் துறைமுகங்களுக்கு வந்து போகும் அதன் சிறிய கப்பல்கள், திமிங்கலம் வாழும் பகுதியில் மணிக்கு 10 கடல் மைலுக்கும் கீழே வேகத்தைக் குறைத்துக்கொண்டன.

எல்லாக் கப்பல்களுக்கும் தடம் மாற வேண்டுமானால், சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசு கேட்க வேண்டும். கப்பல்கள் விலகிப் போனால் துறைமுக வருமானம் குறையும் என்ற அச்சம் இலங்கையில் இருக்கிறது. பொருளாதார நெருக்கடியில் தவித்த நாட்டின் அச்சத்தை லேசாக எண்ண முடியாது. ஆனாலும் கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ வேலை இருக்கிற கப்பல் 15 கடல் மைலுக்கு அஞ்சித் திரும்பிப் போகாது. இந்தத் தயக்கத்துக்கு நீலத் திமிங்கலங்கள் உயிரைக் கொடுக்கக் கூடாது.

மெதுவாகப் போவதிலும் கப்பல் நிறுவனங்களுக்கு ஆதாயம் உண்டு: வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்துக்கு எரிபொருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். நேரம் கூடும், அந்தச் செலவும் உண்மைதான்.

தடம் தள்ளிப்போனால் பிழைப்பவை திமிங்கலங்கள் மட்டுமல்ல. இலங்கைத் தென்கரையின் மிரிஸ்ஸவிலிருந்து திமிங்கலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளும், அந்தப் பக்கத்து மீன்பிடிப் படகுகளும் இன்று அதே தடத்தில்தான் ராட்சதக் கப்பல்களின் குறுக்கே போய்வருகின்றன.