கார்த்திகைப் பூ வளர்ப்போம்

சங்கச் சான்றோர் காந்தள் எனப் போற்றிய மலரையே நம் ஊரவர் கார்த்திகைப் பூ என்பர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் பூக்களுள் முதலாவது இதுவே. மகளிர் விரலுக்கு இதனை உவமை கூறுவர் புலவர் என்று பாடஞ் சொல்லும் நாம், "அப்பூ எங்கே?" என மாணவன் வினவின் பற்றைக் காடு தேடிச் செல்லவேண்டியவராய் இருக்கின்றோம். பற்றைகள் அருகிவரும் இக்காலத்தில் இதனை வீட்டு வளவிற் பேணுதல் நம் கடனாகும்.

இது பல்லாண்டு வாழுங் கொடி. காட்டோர நிழலில் வேரூன்றி, சுருண்ட இலை நுனிகளாற் பிற செடிகளைப் பற்றி ஏறி, ஒளியில் மலர்வது. அடி குளிர்ந்தும் முடி ஒளி பெற்றும் இருத்தலே இதன் விருப்பம். ஆதலின் மாமரத்தின் அடர்ந்த நிழலை விடுத்து, காலை வெயில் சிறிது விழும் நிழலோரத்தையோ கிளுவை வேலியடியையோ தெரிதல் வேண்டும்.

இதன் கிழங்கு கலப்பைபோல் வளைந்தது. கலப்பைக் கிழங்கு என்பதும் இதன் பெயரே. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளையே உண்டு; அது முறியின் அக்கிளை தளிர்ப்பது அரிது. செம்மண்ணோடு மணலும் மக்கிய சருகுங் கலந்து, 2 அல்லது 3 அங்குல ஆழத்திற் கிழங்கைக் கிடையாக வைத்தல் வேண்டும். நீர் தேங்கின் அழுகிவிடும். விதையிட்டோர் பூக்காண 3 அல்லது 4 ஆண்டு பொறுத்திருத்தல் வேண்டும். எனினும் காட்டுக் கிழங்கை அகழ்வதினும் விதையிடுதலே நன்று. அகழ்ந்தால் அவ்விடத்து இனமே அற்றுப்போகும்.

மாரி மழையோடு முளைத்துக் கார்த்திகையிற் பூக்கும். நெளிந்த ஆறு இதழ்களும் பசுமையும் மஞ்சளுமாய் விரிந்து, பின் செந்தீப்போற் சிவக்கும். பூத்து ஓய்ந்தபின் கொடி முற்றாய் வாடிவிடும். இங்கேதான் நாமும் ஒருமுறை பிழைசெய்தோம். பட்டுவிட்டதென எண்ணி மண்ணைக் கொத்தினோம்; உறங்கிய கிழங்கின் முளைகள் முறிந்தன. மறு மாரியில் ஒன்றும் எழவில்லை. கொடி வாடியதும் அவ்விடத்தில் ஒரு தடியை நட்டு, நீரைக் குறைத்துக் காத்திருத்தலே முறை.

இன்னொன்றும் மறத்தலாகாது. கொடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கொடுநஞ்சு. வற்றாளங் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோரும் உளர். ஆதலின் மரக்கறித் தோட்டத்தருகே நடலாகாது. கிழங்கைத் தொட்ட கையைக் கழுவுதல் வேண்டும். சிறுவர்க்கு முன்னரே உணர்த்துதல் வேண்டும். தவறி உண்டவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

இவ்வாறு கருத்தோடு பேணின், ஏட்டிற் படித்த காந்தளை நம் பிள்ளைகள் வேலியிலே கண்டு மகிழ்வர். அன்று உவமைக்கு உரை வேண்டுமோ?