சமயம் முதலில் ஏன் தோன்றிற்று?

மானிடவியலார் நேரிற் கண்டு விவரித்துள்ள சமூகங்களுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும், சமயம் என்று கூறத்தக்க ஏதேனும் ஒன்று காணப்படுகிறது. எழுத்தறியாத வேட்டை மக்களிடமும் அது உண்டு. பெருநகரங்களை எழுப்பிய மக்களிடமும் அது உண்டு. இப்பொதுமைக்குக் காரணம் யாது? இக்கேள்வியை வகுப்பறையில் மாணவர் கேட்பர். களப்பணிக்குச் செல்லும் ஊழியரும் தமக்குள் கேட்டுக்கொள்வர்.

விடை தேடுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். ஒரு சமயக் கொள்கை உண்மையா, பொய்யா என்பதை மானிடவியல் தீர்ப்பதில்லை. மக்கள் எவ்வெவற்றைப் புனிதமென மதிக்கின்றனர், அம்மதிப்பு அவர்தம் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பவற்றையே அது ஆராய்கிறது. சமயத்தின் பிறப்பை நேரிற் கண்டவர் எவருமிலர். ஆகவே இன்றைய மக்களின் வழக்கங்கள், மண்ணுள் புதைந்த பொருள்கள், மனித மனத்தின் இயல்பு ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டே ஆராய்ச்சியாளர் இதனை அணுகியுள்ளனர்.

ஆவியும் ஆற்றலும்

இத்துறையில் முதலில் விரிவான விடை கூறியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு டைலர். 1871ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலில் அவர் ஆவிக் கொள்கையை விளக்கினார். உறங்குபவன் கனவில் தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று வருகிறான். இறந்த தந்தையைக் கண்டு பேசுகிறான். விழித்தபின் அவன் உடல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆகவே உடலினின்றும் வேறான ஒன்று உண்டெனப் பண்டை மனிதன் முடிவு செய்தான். பின்னர் மரத்திற்கும் மலைக்கும் விலங்கிற்கும் அத்தகைய ஆவி உண்டெனக் கருதினான். இதுவே சமயத்தின் வித்து என்பது டைலரின் கருத்து.

இக்கருத்தின்படி, பண்டை மனிதன் தனியே அமர்ந்து சிந்திக்கும் தத்துவ ஞானியாகிவிடுகிறான். இக்குறையைச் சிலர் விரைவில் உணர்ந்தனர். பசிபிக் தீவுகளில் சமயப்பணி புரிந்த காட்ரிங்டன், அங்குள்ள மக்கள் 'மனா' எனப்படும் உருவமற்ற ஓர் ஆற்றலை நம்புவதை 1891இல் எடுத்துரைத்தார். மாரெட் என்ற அறிஞர் இதனைக் கொண்டு, ஆவியைப்பற்றிய எண்ணத்திற்கும் முன்னர் ஆற்றலைப்பற்றிய வியப்பே தோன்றியிருக்கும் என வாதித்தார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி கிடைத்தது. சோட்டா நாகபுரிப் பகுதியின் ஹோ மக்களிடையே ஆராய்ச்சி செய்த டி. என். மஜும்தார், அவர்தம் 'போங்கா' என்ற சொல்லை அவ்வாறே விளக்கினார். போங்கா என்பது எங்கும் பரவியுள்ள ஓர் ஆற்றல். மனிதரினும் மிக்க செயலைச் செய்வது எதுவாயினும் அதில் போங்கா உண்டு. புதிதாக வந்த நீராவி எஞ்சினும் மிதிவண்டியும் கூட இதற்கு விலக்கல்ல. இச்சொல்லைப் பழைய ஏடுகளில் சிலர் 'பேய்' என்றே மொழிபெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பை மட்டும் படித்தவர், அம்மக்கள் பேயை வணங்குபவர் என்றல்லவா எண்ணியிருப்பர்?

அச்சமும் அறமும்

அச்சமே தெய்வங்களைப் படைத்தது என்பது மிகப் பழைய கருத்து. இதனைத் திருத்தமான வடிவில் கூறியவர் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் டிரோபிரியாண்டுத் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்தார். அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அம்மக்கள் மந்திரச் சடங்குகளை நாடுவதில்லை. அறிவும் திறமையும் போதுமானவை. ஆபத்து மிக்க திறந்த கடலுக்குச் செல்லும்போதோ விரிவான சடங்குகளைச் செய்கின்றனர். திறமையின் எல்லை முடியுமிடத்தில் சடங்கு தொடங்குகிறது என்பது இதனால் விளங்கும்.

கொல்கத்தாவுக்குத் தெற்கேயுள்ள சுந்தரவனத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டைக் காணலாம். புலியும் முதலையும் வாழும் அக்காட்டினுள் தேன் எடுக்கவும் மீனும் நண்டும் பிடிக்கவும் செல்லும் ஏழை மக்கள், முதலில் வனத்தின் தலைவியான போன்பீபியை வணங்குகின்றனர். இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரும் இவ்வழிபாட்டில் பங்கு கொள்கின்றனர். கணவர் காட்டிலுள்ள நாட்களில் வீட்டிலிருக்கும் மனைவியரும் சில நியமங்களைக் காப்பதுண்டு.

எனினும் அச்சம் ஒன்றே காரணமாயின், புலியை விலக்கும் மந்திரத்தோடு இவ்வழிபாடு நின்றிருக்கும். அங்ஙனம் நிற்கவில்லை. போன்பீபியின் கதையில், தோனா என்ற பேராசைக்காரன் தேனுக்கும் மெழுகுக்குமாகத் துக்கே என்னும் ஏழைச் சிறுவனைப் புலியுருக்கொண்ட தக்கிண ராயனிடம் விட்டுச் செல்கிறான். அன்னை அச்சிறுவனைக் காக்கிறாள். ஆகவே தூய மனத்துடன் காட்டிற்குள் நுழைய வேண்டும். தேவைக்கு மேல் எடுக்கலாகாது என்பது அம்மக்களிடை வழங்கும் நெறி. எப்போது மனிதன் தெய்வத்தை நாடுகிறான் என்பதை அச்சம் விளக்குகிறது. அத்தெய்வம் அவனிடம் என்ன கேட்கிறது என்பதை அச்சம் விளக்கவில்லை. அதற்கு நாம் சமூகத்தை நோக்க வேண்டும்.

அந்தமானின் புலுகா

சமூகமே சமயத்தின் ஊற்று என வாதித்தவர் பிரெஞ்சு அறிஞர் டர்க்கைம். பலர் ஒன்றுகூடி ஆடிப்பாடும்போது, தனி மனிதனுக்கு அப்பாற்பட்ட ஓர் ஆற்றலை ஒவ்வொருவனும் உணர்கிறான். அவ்வாற்றலுக்கு இட்ட பெயரே தெய்வம் என்று 1912இல் அவர் எழுதினார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப்பற்றிப் பிறர் எழுதிய குறிப்புகளே அவருக்கு ஆதாரம். அம்மக்களை அவர் நேரிற் கண்டதில்லை.

அக்கருத்தை நேரில் களத்தில் சோதித்த வரலாறு நம் நாட்டின் அந்தமான் தீவுகளுக்கு உரியது. அங்கு அதிகாரியாயிருந்த ஈ. எச். மேன், தீவுமக்கள் புலுகா என்ற வான்தெய்வத்தை நம்புவதாக எழுதினார். பொய், களவு, கொலை ஆகியவற்றால் புலுகா சினங்கொள்ளும். தேன்மெழுகை எரிப்பதாலும் சினங்கொள்ளும். இக்குறிப்பைக் கொண்டு ஆண்ட்ரூ லாங், பாதிரியார் வில்ஹெல்ம் ஷ்மிட் ஆகியோர், ஒரே கடவுள் என்னும் கொள்கையே மனிதனின் முதற் சமயம் என வாதித்தனர்.

1906 முதல் 1908 வரை அங்கு ஆராய்ச்சி செய்த ராட்கிளிஃப் பிரவுன் இதனை மறுத்தார். 1910இல் ஷ்மிட்டும் அவரும் ஓர் ஆங்கில ஏட்டில் நேருக்கு நேர் வாதிட்டனர். வடக்கேயுள்ள குழுவினர் அத்தெய்வத்தைப் பிலிகு என்று அழைத்துப் பெண்ணாகவே பெரும்பாலும் கருதியதை பிரவுன் கண்டார். வடகிழக்குப் பருவக்காற்று பிலிகுவுக்கு உரியது. தென்மேற்குக் காற்று தராய் என்னும் வேறொரு தெய்வத்திற்கு உரியது. மெழுகை உருக்குதல், சிள்வண்டைக் கொல்லுதல், சில கிழங்குகளைக் காலமல்லாக் காலத்தில் தோண்டுதல் ஆகியவையே புயலை வருவிக்கும் குற்றங்கள். உணவும் பருவமும் அம்மக்களின் உயிர்நாடி. அவற்றின் மதிப்பைத் தலைமுறை தலைமுறையாக மனத்திற் பதிக்கும் வழியே இந்நம்பிக்கை என்று 1922இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார்.

நீலகிரித் தோடர் வாழ்க்கையும் இதனையே நினைவூட்டுகிறது. ரிவர்ஸ் என்ற அறிஞர் 1906இல் வெளியிட்ட நூலில், தோடரின் பால்மனையே கோயிலாகவும், பால் கறந்து கடைபவரே பூசாரியாகவும் விளங்குவதை விரிவாகக் காட்டினார். எருமையால் வாழும் மக்களுக்கு எருமையே புனிதமாயிற்று.

மண் கூறும் செய்தி

இனி மண்ணுள் கிடைத்த சான்றுகளைக் காண்போம். இஸ்ரேலிலுள்ள காஃப்ஸே குகையில் சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட இளம் வயதினர் ஒருவரின் உடலோடு மான் கொம்பு கிடைத்துள்ளது. நம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த தாழிகளோடு இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. இவை மறுமை நம்பிக்கையைக் குறிக்கலாம். பிரிவின் துயரையும் குறிக்கலாம். பொருள் கிடைக்கும்; அதனை வைத்தவரின் எண்ணம் அதனுடன் கிடைப்பதில்லை.

மத்தியப் பிரதேசத்தின் சித்தி மாவட்டத்தில், பாகோர் என்னுமிடத்தில், அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தின் ஜி. ஆர். சர்மாவும் அறிஞர் டெஸ்மண்ட் கிளார்க்கும் தலைமை தாங்கிய குழுவினர் ஓர் அரிய சான்றைக் கண்டனர். சுமார் 10,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட வட்டக் கல்மேடையொன்றின் நடுவில், இயற்கையாகவே முக்கோண வளையக் கோடுகள் அமைந்த வண்ணக் கல் இருந்தது. அதே வட்டாரத்தின் கோல், பைகா மக்கள் இன்றும் அத்தகைய கல்லை மேடையில் வைத்து அன்னையாக வணங்குகின்றனர். எனினும் 1983இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் 'வழிபாட்டிடம்' என்ற சொல்லுக்குப் பின் அவர்கள் கேள்விக்குறியையே இட்டனர். ஆராய்ச்சியாளர்க்கு இருக்க வேண்டிய அடக்கத்திற்கு இது நல்ல சான்று.

துருக்கியின் கொபெக்லி தெபே என்னுமிடத்தில், கி. மு. 9500 அளவில், உழவை அறியாத மக்கள் 5 மீட்டருக்கும் உயர்ந்த கல் தூண்களை நிறுத்தினர். உழவும் உபரி விளைவும் வந்த பின்னரே பெரும் வழிபாட்டிடங்கள் எழுந்தன என்ற பழைய எண்ணத்தை இது அசைத்துவிட்டது.

இன்றைய நிலை

அண்மைக்கால அறிஞர் மனத்தின் இயல்பையும் கருதுகின்றனர். புதரில் சலசலப்புக் கேட்டதும் காற்றென எண்ணி ஏமாறுவதைவிட, விலங்கென எண்ணி ஓடுவது பாதுகாப்பானது. ஆகவே செயல் கண்டவிடத்துச் செய்பவனைக் காணும் பழக்கம் மனிதனிடம் ஊறியிருக்கும் என்பர். 33 வேட்டைச் சமூகங்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, ஆவிகளில் நம்பிக்கையே மிகப் பழமையானது. மறுமை நம்பிக்கையும் முன்னோர் வழிபாடும் பின்னர் வந்தவை எனக் கூறிற்று. டைலரின் கருத்து இங்ஙனம் புதிய வடிவில் திரும்பியுள்ளது.

சுருங்கக் கூறின், கனவும் இறப்பும் வினாவை எழுப்பின; மனத்தின் இயல்பு விடைக்கு வடிவம் தந்தது; ஆபத்து அதனை நாடச் செய்தது; கூடிவாழும் தேவை அதனை அறமாக்கி நிலைநிறுத்திற்று. இவற்றுள் ஒன்றை மட்டும் வேராகக் கொண்ட கொள்கை எதுவும் முழுமை பெறவில்லை.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

1945இல் வாரணாசியில் தோன்றி, 1948இல் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட இந்திய மானிடவியல் ஆய்வுத்துறைக்கு இவ்வாராய்ச்சியில் தனிப் பங்குண்டு. அதன் துணை இயக்குநராயிருந்த வெரியர் எல்வின், ஒரிசாவின் சவரர் சமயத்தைப்பற்றி 1955இல் வெளியிட்ட நூலில், மூதாதையர் பொருட்டுச் சுவரில் எழுதும் சித்திரங்களைக்கூட அம்மக்கள் கூறிய விளக்கத்துடனேயே பதிவு செய்தார். இதுவே நாம் பின்பற்றத்தக்க முறை. புலுகாவைப்பற்றிய வாதம் ஏன் தீரவில்லை? கேட்டவர் தத்தம் கொள்கைக்கேற்பக் கேட்டனர் என்பது ஒரு காரணம். இன்று மீண்டும் சென்று கேட்கவும் இயலாது. 1858இல் குடியேற்றம் அமைந்தபின் பரவிய நோய்களால், பெரிய அந்தமானியர் 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்தனர். அவர்தம் மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010இல் மறைந்தார்.

ஆகலின் களத்தில் உள்ளோர், மக்களின் சொல்லை அவர்கள் கூறியவாறே எழுதிக்கொள்க. பின்னரே அதற்குப் பொருள் காண்க. ஆசிரியர்கள், பழங்குடி மக்களின் வழிபாட்டை அறியாமை என்று மாணவர்க்குக் கூறாதிருப்பாராக. மெழுகை எரிக்கலாகாது என்ற அந்தமானியரும், தேவைக்கு மேல் தேன் எடுக்கலாகாது என்ற சுந்தரவனத்தாரும், தாம் வாழும் நிலத்தை நன்கு அறிந்தே அவற்றைக் கூறினர்.