ஐஸ்வால் வென்ற பருவம்

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மியான்மருக்கும் வங்காளதேசத்துக்கும் இடையே அமைந்துள்ள மலை மாநிலம் மிசோரம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் வாழ்வோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேர். நம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் ஒரு பகுதியிலேயே அத்தனை பேர் வாழ்கின்றனர். தலைநகரான ஐஸ்வால் ஒரு மலைமுகட்டின்மீது, கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. வீடுகள் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் நிற்கின்றன. அந்நகரில் சமதளமான நிலம் அரிது. கால்பந்து ஆடுவதற்கு வேண்டிய பரப்பளவுள்ள சமதளமோ அரிதினும் அரிது. அத்தகைய நகரத்தைச் சேர்ந்த ஓர் அணி, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இந்தியாவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் வாகை சூடியது. அது நிகழ்ந்த விதத்தை இப்பாடம் விளக்குகிறது.

முதலில் லீக் என்பது யாது எனத் தெரிந்துகொள்வோம். கோப்பைப் போட்டிகளுள் பலவற்றில் தோற்ற அணி உடனே வெளியேறிவிடும். லீக் முறை அவ்வாறன்று. பங்கேற்கும் அணி ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணிகளோடும் இருமுறை மோத வேண்டும். ஒருமுறை தன் சொந்தத் திடலிலும், மறுமுறை எதிரணியின் திடலிலும் ஆட்டம் நடைபெறும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்குப் புள்ளி இல்லை. எல்லா ஆட்டங்களும் முடிந்தபின் மிகுதியான புள்ளிகள் பெற்ற அணியே வாகையர். இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. ஆகவே ஒரு நாள் நன்றாக ஆடி வென்றுவிடலாம் என்னும் எண்ணம் இங்கே செல்லாது. மழையிலும் வெயிலிலும், பயணக் களைப்பிலும், முதன்மை வீரர் காயமுற்ற வேளையிலும் அணி தளராது ஆட வேண்டும். பட்டியலின் அடியில் நிற்கும் அணி அடுத்த பருவத்தில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். இரண்டாம் பிரிவில் வென்ற அணி மேலே ஏற்றப்படும்.

இந்தியாவில் இத்தகைய நாடு தழுவிய லீக் 1996இல் தேசியக் கால்பந்து லீக் என்னும் பெயரில் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தொடக்கம் முதல் 2016 வரை 20 பருவங்கள் நடைபெற்றன. அவற்றில் வாகை சூடிய அணிகளின் ஊர்களைத் திரட்டினால் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: பஞ்சாபின் பக்வாரா, கொல்கத்தா, கோவா, மும்பை, பெங்களூரு. ஐந்தே இடங்கள்! பணமும், பழமையான சங்கங்களும், பெரிய விளையாட்டரங்கங்களும் இருந்த இடங்கள் அவை. கொல்கத்தாவின் மோகன் பகான் 1889இல் தோன்றியது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் தோன்றியது. வடகிழக்கு மாநிலங்கள் அந்த அணிகளுக்குத் திறமை மிக்க வீரர்களை ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டிருந்தன. கோப்பை மட்டும் அங்கே சென்றதில்லை.

மிசோரமில் கால்பந்து வேரூன்றிய விளையாட்டு. 2012இல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கப்பட்டபின் அது ஒழுங்கான வடிவம் பெற்றது. அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை 2014இல் மிசோரம் முதன்முறையாக வென்றது. சிலிகுரியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் இரயில்வே அணியை 3-0 என்ற கணக்கில் அது வீழ்த்தியது. 1984இல் நிறுவப்பட்ட ஐஸ்வால் கால்பந்துச் சங்கமும் 2015இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று ஐ-லீக்கினுள் நுழைந்தது.

நுழைந்த முதல் பருவமே கசப்பாக முடிந்தது. ஒன்பது அணிகள் ஆடிய 2015-16 பருவத்தில் ஐஸ்வால் எட்டாம் இடத்தையே பெற்றது. கடைசி இடத்தில் நின்றது புனேயைச் சேர்ந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். எனினும் அந்த அணி நேரடி நுழைவு பெற்ற புதிய அணி என்பதால், விதிப்படி அதற்கு இறக்கத்திலிருந்து விலக்கு இருந்தது. எனவே கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த ஐஸ்வால் இறக்கப்பட்டது. விதி விதிதான், ஆயினும் தமக்குக் கீழே ஓர் அணி இருக்கத் தாமே வெளியேற நேர்ந்தபோது ஐஸ்வால் மக்கள் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதே மே மாதத்தில் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை அந்த அணி முன்னேறியது. அங்கே மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது.

இந்நிலையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 2014இல் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதன்மை லீக்காக்கும் திட்டம் 2016இல் முன்வைக்கப்பட்டது. அதனால் ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தாழ்ந்துவிடும் எனக் கருதிய கோவா அணிகள் எதிர்ப்புத் தெரிவித்து விலகின. சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா, டெம்போ ஆகியவை அவ்வாறு விலகியவை. காலியான இடத்தை நிரப்ப ஐஸ்வால் மீண்டும் அழைக்கப்பட்டது. கோவாவின் இழப்பு மிசோரமின் வாய்ப்பானது என்று சொல்வது எளிது. ஆனால் அந்த எதிர்ப்புக்குக் காரணமாக இருந்த கேள்வி அத்துடன் மறையவில்லை. பருவத்தின் முடிவில் அது ஐஸ்வாலின் வாசலுக்கே வந்து நின்றது.

அணியின் பயிற்றுநராகக் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். குவைத்தில் பிறந்து, இந்திய அணியின் நடுக்கள வீரராக ஆடியவர் அவர். பல ஆண்டுகள் மும்பை எஃப்.சி. அணியைப் பயிற்றுவித்தவர், அந்தப் பருவத்துக்கு முன்னர் அப்பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார். வேலை இழந்த பயிற்றுநரும் இறக்கப்பட்ட அணியும் ஒன்றுசேர்ந்தனர். அவரை அறிந்த அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ரானே ஆகியோர் மும்பையிலிருந்து வந்தனர். கோலைக் காக்கக் கோவாவின் அல்பினோ கோம்ஸ் வந்தார். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தை ஆண்டார். லைபீரியாவின் ஆல்ஃபிரட் ஜார்யான் அவருக்குத் துணைநின்றார். ஐவரி கோஸ்ட்டின் காமோ பாயி முன்களத்தில் ஆடினார். இவர்களைச் சுற்றி, மிசோரமின் உள்ளூர் லீக்கில் வளர்ந்த இளைஞர்கள் இருந்தனர். பெருஞ்செல்வம் படைத்த அணியன்று அது. பிற அணிகள் வேண்டா என விட்டவர்களும், பிறர் இன்னும் அறியாதவர்களும் கலந்த அணி.

2016-17 பருவத்தில் பத்து அணிகள் ஆடின. அணி ஒன்றுக்கு 18 ஆட்டங்கள். பஞ்சாபின் மினர்வாவும் தமிழ்நாட்டின் சென்னை சிட்டியும் அந்தப் பருவத்தில்தான் ஐ-லீக்கில் முதன்முறையாகக் களமிறங்கின. 2017 சனவரி 7ஆம் நாள் ஐஸ்வாலின் முதல் ஆட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வங்காளத்தின் பாராசத் திடலில் நடைபெற்று 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. அந்த ஒரு புள்ளியை அன்று எவரும் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். வாரங்கள் செல்லச் செல்ல, நடப்பு வாகையரான பெங்களூரு பின்தங்கியது; ஈஸ்ட் பெங்காலும் தடுமாறியது. மலைநகரத்து அணி மட்டும் பட்டியலின் மேற்பகுதியை விட்டு இறங்கவில்லை.

ஏப்ரல் 22ஆம் நாள், 17ஆம் ஆட்டத்தில், ஐஸ்வாலும் மோகன் பகானும் ஐஸ்வாலின் இராஜீவ் காந்தி விளையாட்டரங்கில் சந்தித்தன. அப்போது இரு அணிகளும் 33 புள்ளிகளுடன் சமமாக நின்றன. லீக் போட்டியில் இறுதி ஆட்டம் கிடையாது எனக் கண்டோம். ஆனால் அன்றைய ஆட்டம் ஏறக்குறைய இறுதி ஆட்டமாகவே அமைந்துவிட்டது. ஓராண்டுக்கு முன் இதே மோகன் பகானிடம் ஐந்து கோல் வாங்கிய நினைவு மறைந்திருக்க வாய்ப்பில்லை. இன்னொரு சிறப்பும் உண்டு: மிசோரம் ஈன்ற புகழ்மிகு வீரரான ஜெஜே லால்பெக்லுவா அந்தப் பருவத்தில் மோகன் பகான் அணியைச் சேர்ந்தவர். மண்ணின் மைந்தர் எதிரணியின் முகாமில்!

ஆட்டம் நெடுநேரம் கோலின்றி நீண்டது. 83ஆம் நிமிடத்தில் தடுப்பாட்ட வீரர் சோமிங்லியானா ரால்டே பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். ஐஸ்வால் 1-0 என வென்றது. பட்டியல் மாறியது: ஐஸ்வால் 36, மோகன் பகான் 33. எஞ்சியிருந்தது ஒரே ஆட்டம். அதில் சமநிலை கண்டாலே ஐஸ்வாலுக்குப் போதும்.

ஏப்ரல் 30ஆம் நாள் ஐஸ்வால் அணி மேகாலயத்தின் தலைநகரான சில்லாங்கில் சில்லாங் லஜோங் அணியை எதிர்கொண்டது. மிசோரமிலிருந்து மலைப்பாதை வழியாக ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் அங்கே சென்றிருந்தனர். அதே மாலையில் கொல்கத்தாவின் இரவீந்திர சரோவர் அரங்கில் மோகன் பகான் சென்னை சிட்டியுடன் மோதியது. வாகையரை முடிவுசெய்யும் இரண்டு ஆட்டங்கள், இரண்டு வெவ்வேறு நகரங்களில். அரங்கில் அமர்ந்திருந்தோரின் கண் ஓரிடத்திலும் செவி வேறிடத்திலும் இருந்திருக்கும்.

சில்லாங்கில் 9ஆம் நிமிடத்திலேயே லஜோங்கின் திபாண்டா திகா கோல் அடித்தார். கேமரூன் நாட்டவரான அவர் அந்தப் பருவத்தில் 11 கோல்களுடன் முதலிடம் பெற்றவர். லஜோங்கும் வடகிழக்கு அணிதான். தன் அண்டை மாநிலத்து அணி வரலாறு படைக்கட்டும் என அது விட்டுக்கொடுக்கவில்லை. விளையாட்டின் மதிப்பு அதனால்தான் காக்கப்பட்டது என்பது இந்நூலாசிரியரின் கருத்து. முதற்பாதி முடிந்தது, இரண்டாம் பாதியிலும் நிமிடங்கள் கரைந்தன. கொல்கத்தாவில் மோகன் பகான் 2-1 என வெற்றியை நோக்கிச் சென்றது. 67ஆம் நிமிடத்தில் இளைஞர் வில்லியம் லால்நுன்ஃபெலா பந்தை வலைக்குள் அனுப்பினார். 1-1. மீதமிருந்த நேரத்தை ஐஸ்வால் வீரர்கள் பற்களைக் கடித்துக்கொண்டு காத்தனர்.

ஐஸ்வால் 37 புள்ளிகள். மோகன் பகான் 36. இவ்விரு எண்களுக்குப் பின்னால் ஒரு சுவையான கணக்கு மறைந்துள்ளது. ஐஸ்வால் 11 ஆட்டங்களில் வென்று, 4 ஆட்டங்களில் சமநிலை கண்டு, 3 ஆட்டங்களில் தோற்றது. மோகன் பகான் 10 வெற்றி, 6 சமநிலை, 2 தோல்வி. அதாவது வாகை சூடிய அணியே மிகுதியாகத் தோற்றது! முற்காலத்தில் கால்பந்து லீக்குகளில் வெற்றிக்கு 2 புள்ளிகளே வழங்கப்பட்டன. அந்த முறைப்படி நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: இரு அணிகளுக்கும் 26 புள்ளிகளே வரும். சமநிலைக்காகப் பாதுகாப்பாக ஆடுவதைக் குறைத்து, வெற்றிக்காகத் துணிந்து ஆடுவதை ஊக்குவிக்கவே இங்கிலாந்து லீக் 1981இல் வெற்றிக்கு 3 புள்ளிகள் என்னும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் உலகெங்கும் அது பரவியது. அந்த மாற்றத்தின் பயனை ஐஸ்வால் முழுமையாகப் பெற்றது.

இவ்வெற்றியை இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2016இல் பெற்ற வெற்றியோடு பலர் ஒப்பிட்டனர். ஒப்புமை பொருந்தாதது அன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லெஸ்டர் முந்தைய பருவத்தில் 14ஆம் இடம் பெற்றுத் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்ட அணி. ஐஸ்வாலோ இறக்கப்பட்டு, மீண்டும் அழைக்கப்பட்டு வந்த அணி. அவ்வகையில் ஐஸ்வாலின் பயணமே நீண்டது எனலாம். காலித் ஜமீலை விடுவித்த மும்பை எஃப்.சி. அதே பருவத்தில் கடைசி இடத்துக்குச் சென்றது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

கோப்பை வந்தபின் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. இந்தியன் சூப்பர் லீக் முதன்மை பெற்றால், நாட்டின் வாகையரான ஐஸ்வாலின் நிலை என்ன? திடலில் வென்ற இடத்தை வேறொரு முடிவால் இழப்பது முறையா எனச் சங்கத்தினர் வெளிப்படையாகவே கேட்டனர். இறுதியில் 2017-18இல் இரண்டு லீக்குகளும் ஒரே காலத்தில் நடைபெறுவது என முடிவாயிற்று. பெங்களூரு அணி சூப்பர் லீக்குக்குச் சென்றது; ஐஸ்வால் ஐ-லீக்கிலேயே நின்றது. 2018 சனவரியில் ஆசிய வாகையர் லீக்கின் தகுதிச் சுற்றில் ஈரானின் சோப் ஆகன் அணியிடம் 1-3 எனத் தோற்றாலும், மிசோரம் அணி ஒன்று ஆசியப் போட்டியில் ஆடியது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐ-லீக் பட்டம் மினர்வா பஞ்சாபுக்கும், 2018-19இல் சென்னை சிட்டிக்கும் சென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதன்முறை. 2019இல் சூப்பர் லீக் முதல்நிலை என அறிவிக்கப்பட்டது. ஐ-லீக்கில் வென்றால் மேலே செல்லலாம் என்னும் வழி 2023இல்தான் திறந்தது. அவ்வழியே முதலில் சென்றது பஞ்சாப் எஃப்.சி. ஐஸ்வால் வென்ற காலத்தில் அப்படியொரு வழி இருக்கவில்லை. அந்த அணியை வழிநடத்திய காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.