முகப்பரு மருந்து மூளையைக் காக்குமா?

முகப்பருவுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் மினோசைக்ளின். இதே மருந்து நரம்பு செல்களின் சாவைத் தடுக்கக்கூடும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள்.

இதன் பலம், கொழுப்பில் எளிதில் கரையும் தன்மை. பல மருந்துகளை உள்ளே விடாத மூளை ரத்தக்குழாய்த் தடுப்பை இது தாண்டிவிடும். மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. பக்கவாதத்தில் ஓரிடத்துக்கு ரத்தம் நின்றுபோனால் இவை கொதித்தெழுந்து அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. திருடனைத் துரத்தி வந்த கூட்டம் தெருவில் நின்றவரையும் சேர்த்து அடிப்பதுபோல, நல்ல நிலையில் இருந்த அண்டை செல்களும் மடிகின்றன. மினோசைக்ளின் அந்தக் கொதிப்பை அடக்குகிறது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கிளம்பும் சமிக்ஞையையும் தடுக்கிறது. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1998-இல் ஜெர்பில் என்ற பாலைவன எலிகளின் மூளையில் இந்தப் பலன் தெரிந்தது.

மனிதர்களிடம்? 2007-இல் இரண்டு முடிவுகள் வந்தன. இஸ்ரேலில் பக்கவாதம் வந்த 152 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 200 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் இந்த மருந்தை எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதே ஆண்டு வந்த இன்னொரு முடிவை மறக்கவே கூடாது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிகள் 412 பேர் அமெரிக்காவில் நடந்த சோதனையில் சேர்ந்தார்கள். எலிகளின் ஆயுளை நீட்டிய இதே மருந்து, மனிதர்களின் உடல்நிலையை 25 சதவீதம் வேகமாகச் சரியவைத்தது.

கனடாவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயின் தொடக்க அறிகுறி கண்ட 142 பேரின் கதை வேறு. ஆறு மாதத்துக்குள் முழு நோயாக மாறியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம். மினோசைக்ளின் எடுத்தவர்களில் 33.4 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. ஒரே மருந்து, நோய்க்கு நோய் வேறு முகம்.

இந்த விவரமெல்லாம் மெடிக்கல் ஷாப் கவுன்டர் வரை வராதே என்பதுதான் என் கவலை. அங்கே வந்து சேர்வது ‘நரம்புக்கு நல்லதாம்’ என்ற ஒற்றை வரி மட்டும்தான். காய்ச்சலுக்கும் சளிக்கும் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் அட்டையைக் கேட்டு வாங்கிப் பழகிய ஊர் நம்முடையது. கை நடுங்கும் அப்பாவுக்காக, மறதி கூடும் அம்மாவுக்காக யாராவது இதையும் கேட்பார்கள்; கொடுக்கவும் ஆள் இருக்கும். மினோசைக்ளின் தலைசுற்றலைத் தரும், மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும், நெடுநாள் எடுத்தால் தோலில் கருநீலம் படியும். கண்டபடி தின்றால் கிருமிகளும் அதற்குப் பழகிவிடும். 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நரம்பைக் காக்கக் கிளம்பி, நாளை நிமோனியாவுக்கு மருந்தில்லாமல் நிற்கலாமா?

ஆபத்தைப் பேசிப்பேசி நல்ல ஆராய்ச்சியை முடக்கிவிடக் கூடாது என்பவர்களும் உண்டு. ஆராய்ச்சி தாராளமாக நடக்கட்டும். அதற்கான இடம் மருத்துவச் சோதனை. இந்தியாவில் 2009 முதல் மருந்துச் சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். இணையத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். வீட்டில் நரம்பு நோயாளி இருந்தால், பொருத்தமான சோதனை நடக்கிறதா, சேர முடியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கை வாங்காதீர்கள். கடைக்காரரே எடுத்து நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.