அமில மழையும் பறவை முட்டையும்

பறவை முட்டையின் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருளால் ஆனது. இச்சத்தைப் பட்டாணிக்குருவி போன்ற சிறு பறவைகள் பெரிதும் நத்தை ஓடுகளைத் தின்று பெறுகின்றன.

1980-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், நெதர்லாந்து நாட்டில் மணற்பாங்கான நிலத்துக் காடுகளில் வாழும் பட்டாணிக்குருவிகள் பல, மெல்லிய ஓடுடைய முட்டைகளை இட்டன. சில முட்டைகளுக்கு ஓடே இல்லை. அவற்றுள் பல குஞ்சு பொரிக்குமுன் உடைந்தோ உலர்ந்தோ கெட்டன.

இதன் காரணம் காற்றில் தொடங்கியது. மின் நிலையங்களிலும் ஆலைகளிலும் எரிபொருள் எரியுங்கால் வெளிப்படும் கந்தக, நைட்ரஜன் ஆக்ஸைடுகள், காற்றின் ஈரத்துடன் கூடி அமிலங்களாகி மழையுடன் மண்ணை அடைகின்றன. கால்நடைப் பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியாவும் மண்ணில் அமிலத்தைப் பெருக்குகிறது. அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து அகற்றிவிடவே, ஓடு அமைக்க வழியின்றி நத்தைகள் அருகின. பறவைகளும் அச்சத்தை இழந்தன.

ஆராய்ச்சியாளர் நத்தை ஓடுகளையும் கோழிமுட்டை ஓடுகளையும் காட்டில் வைத்தபோது, குறையுள்ள முட்டைகள் குறைந்தன. இம்முடிவுகள் 1994-இல் வெளியாயின.

புகையைச் சுவாசித்து நோயுறும் உயிர்களை மட்டும் கணக்கிட்டால் இத்தகைய கேடு புலப்படாது. ஆகவே, ஆலைகளைச் சூழ்ந்த காடுகளில் காற்றுடன் மண்ணையும், மண்வாழ் சிற்றுயிர்களையும் ஆராய்தல் இன்றியமையாதது.